‘எத்தனை தடவை வந்தது?’ என்று மட்டும் கேட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆண்டுதோறும் நவம்பர் 17, தேசிய வலிப்பு நோய் நாளையொட்டி நாளிதழ்களில் கட்டுரைகள் வருகின்றன. கையில் இரும்பைக் கொடுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்று அவை சொல்வதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆனால் மாத்திரையை மாற்றி மாற்றிச் சாப்பிட்டும் வலிப்பு நிற்காதவர்களைப் பற்றி அவற்றில் அதிகம் இருப்பதில்லை. இவர்களுக்கு வலிப்பு தனியாக வருவதில்லை. மனச்சோர்வு, பதற்றம், மறதி, தூக்கக் கோளாறு, எலும்பு பலவீனம், மாத்திரைகளே உண்டாக்கும் தொல்லைகள் எனப் பலவும் கூடவே வருகின்றன. மருத்துவமனையில் வலிப்பு எண்ணிக்கை மட்டும் சீட்டில் ஏறுகிறது, மற்றவை ஏறுவதில்லை. அதனால் நேரும் கேட்டைப் பற்றியே இக்கடிதம்.

மருந்துக்கு அடங்காத வலிப்பு என்பதற்குத் தெளிவான வரையறை உண்டு. வலிப்பு நோய்க்கான பன்னாட்டு மருத்துவ அமைப்பு 2010இல் வகுத்தது அது: வலிப்பின் வகைக்கு ஏற்றபடி தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை, தனித்தனியாகவோ சேர்த்தோ, தகுந்த அளவில் ஒழுங்காக எடுத்தும் வலிப்பு முழுமையாக நிற்காவிட்டால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்தப் பிரிவில் வருவார். ‘ஒழுங்காக’ என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வேளை தவறிய மாத்திரை, வகைக்குப் பொருந்தாத மாத்திரை, கல்யாணத்துக்குப் பின் மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்துப் பாதி நாள் விட்டுப்போன மாத்திரை, இவையெல்லாம் மருந்து தோற்றதாகக் கணக்கில் வராது. திருமணத்துக்காக இதை மறைக்கவும் வேண்டியதில்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த ‘வலிப்பு’ என்ற சொல் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வலிப்பு நோய் அறிக்கையின்படி, வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இன்னொரு நோயாவது இருக்கிறது. பெரியவர்களில் 23 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு நோய் வருகிறது. 20 சதவீதத்தினருக்குப் பதற்ற நோய். குழந்தைகளில் 30 முதல் 40 சதவீதத்தினருக்கு வளர்ச்சியிலோ படிப்பிலோ சிரமம் உண்டு. இவை எல்லா வகை வலிப்புக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. மருந்துக்கு அடங்காதவர்களிடம் இன்னும் கூடும். இவர்களுடைய அன்றாட வாழ்க்கை எவ்வளவு நன்றாகவோ மோசமாகவோ இருக்கிறது என்பதை ஆராய்ந்தவர்கள், மாதத்துக்கு எத்தனை வலிப்பு என்பதைவிட மனச்சோர்வும் மாத்திரையின் பக்கவிளைவுகளுமே அதை அதிகம் தீர்மானிக்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். மாதம் ஆறு வலிப்பை நான்காகக் குறைக்கப் போராடும் நேரத்தில், மனச்சோர்வைக் குணப்படுத்தினால் நோயாளி எழுந்து வேலைக்குப் போகக்கூடும்.

வலிப்போடு வரும் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வெளிப்படாது. சுள்ளென்று எரிந்துவிழுவது, சில மணி நேரம் அல்லது இரண்டு மூன்று நாள் முகம் கறுத்து யாரோடும் பேசாமல் கிடப்பது, பிறகு தானாகச் சரியாவது, மறுபடி வருவது என்று விட்டுவிட்டு வரும். ‘வியாதிக்காரர், கோபப்படுவார்தானே’ என்று வீட்டார் பொறுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க வலிப்பு நோயாளிகளுக்கென்றே ஆறு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் 2006 முதல் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் எல்லாமே போராட்டமாக இருந்ததா, தான் செய்வது எதுவும் சரியில்லை என்று தோன்றியதா, குற்ற உணர்வு இருந்ததா, எரிச்சலும் விரக்தியும் இருந்ததா, எதிலும் மகிழ்ச்சி காணச் சிரமமாக இருந்ததா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். கூட்டுத்தொகை 15ஐத் தாண்டினால் மனநல மருத்துவர் விரிவாகப் பார்க்க வேண்டும். ஓ.பி. வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே செவிலியர் ஒருவர் ஐந்து நிமிடத்துக்குள் கேட்டு முடித்துவிடலாம். செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதாகப் பதில் வந்தால் கூட்டுத்தொகை எவ்வளவாக இருந்தாலும் அன்றைக்கே பார்க்க வேண்டும். தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிட்டதாகும் என்ற பயம் ஆதாரமற்றது, கேட்டால்தான் சொல்வார்கள்.

அடுத்த தடை, மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டால் வலிப்பு கூடும் என்ற அச்சம். மருத்துவர்கள் சிலரிடமும் இது இருக்கிறது. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவற்றை வழக்கமான அளவில் கொடுப்பதால் வலிப்பு கூடுவதில்லை என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. தவிர்க்க வேண்டியவை வேறு: பியூப்ரோபியான், குளோமிப்ரமின், மாப்ரோட்டிலின். அச்சத்தில் எதையும் கொடுக்காமல் விட்டால் உயிர் போகக்கூடும்.

மனநிலை மாற்றத்துக்கு வலிப்பு மாத்திரையே காரணமாக இருப்பதும் உண்டு. லெவெட்டிராசெட்டம் இன்று பரவலாகக் கொடுக்கப்படும் நல்ல மருந்து. ஆனால் சிலருக்குத் தொடங்கிய சில வாரங்களில் தாங்க முடியாத எரிச்சலும் ஆத்திரமும் வரும். பெராம்பனெல் மாத்திரையிலும் இதே ஆபத்து உண்டு. டொபிராமேட், பீனோபார்பிடோன் ஆகியவை மனச்சோர்வைக் கூட்டலாம். ஆகவே கேட்க வேண்டியது: மாத்திரையோ அளவோ மாறியது எந்தத் தேதியில், குணம் மாறியது எந்தத் தேதியில்? இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் அந்தத் தேதிகளை மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வழி இருக்கிறது. நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு ஒன்றன்பின் ஒன்றாக விடாமல் வரும் அபாயம் உண்டு.

இன்னொரு நிலையைப் பற்றி வீட்டார் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஓரிரு நாளில் பல வலிப்புகள் அடுத்தடுத்து வருகின்றன. பிறகு அடங்குகின்றன. ஆள் தெளிந்து, சாப்பிட்டு, பேசி, வழக்கம்போல் இருக்கிறார். ஒன்றிலிருந்து மூன்று நாள் இப்படிப் போகிறது. பின்னர் ஒரு ராத்திரி தூக்கம் வருவதில்லை. மறுநாள் பேச்சு மாறுகிறது: தெய்வம் தன்னோடு பேசுவதாக, சோற்றில் யாரோ மருந்து வைத்துவிட்டதாக, பக்கத்து வீட்டார் கொல்ல வருவதாக. இது வலிப்புக்குப் பின் வரும் மனப்பிறழ்வு. நடுவில் அந்தத் தெளிவான நாட்கள் இருப்பதால்தான் யாரும் இதை வலிப்போடு சேர்த்துப் பார்ப்பதில்லை. சாமி வந்துவிட்டது, காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று கோயிலுக்கும் மந்திரவாதியிடமும் அழைத்துப் போகிறார்கள். இந்த நாட்களில் தன்னையோ பிறரையோ தாக்கும் ஆபத்து மிக அதிகம். தூக்கம் கெடும் முதல் இரவே எச்சரிக்கை மணி. மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சில நாட்களுக்கு மட்டும் கொடுக்கும் மருந்தில் பெரும்பாலும் முழுமையாகச் சரியாகிவிடும். ஒருமுறை வந்தவருக்கு, அடுத்த முறை வலிப்புகள் கூட்டமாக வந்தவுடனே என்ன கொடுக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

மறதியைப் பொறுத்தவரை மூன்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். வலிப்பு கிளம்பும் இடம் இடது பக்கப் பொட்டு மடலாக (பொட்டுக்கு உட்புறமுள்ள மூளைப் பகுதி) இருந்தால் பெயர்களும் சொற்களும் கேட்ட செய்திகளும் மனத்தில் தங்காது. இரவில் யாரும் பார்க்காமல் வந்துபோகும் வலிப்பு, பகலில் படித்ததை அழித்துவிடும். மூன்றாவது, மாத்திரைகளின் எண்ணிக்கை. இரண்டு மாத்திரைக்கு அடங்கவில்லை என்று மூன்றாவதும் நான்காவதும் சேரும்போது முதலில் கொடுத்த எதையும் யாரும் நிறுத்துவதில்லை. டொபிராமேட்டில் வாய் வரை வந்த சொல் வராமல் தவிப்பது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. ஒவ்வொரு முறை புது மாத்திரை எழுதும்போதும் ‘இதற்குப் பதில் எதைக் குறைக்கப் போகிறோம்?’ என்று கேட்பது நோயாளியின் உரிமை.

பெனிட்டாயின் என்ற வலிப்பு மாத்திரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மலிவான மருந்து, எங்கும் கிடைப்பது, பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்கள் ஏராளம். இதன் குணம் விசித்திரமானது. ஒரு கட்டத்துக்கு மேல் கல்லீரலால் அதை வேகமாக வெளியேற்ற முடியாது. அதனால் 300 மில்லிகிராமை 400 ஆக்கும்போது ரத்தத்தில் அதன் அளவு மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இரண்டு மடங்குக்கு மேலும் ஏறிவிடலாம். நடை தள்ளாடுவது, பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, கருவிழி துடிப்பது, நாக்கு குழறுவது எல்லாம் அதன் அடையாளங்கள். இதைப் பக்கவாதம் என்றோ காது மயக்கம் என்றோ நினைத்து வேறு மருத்துவரிடம் அலைபவர்கள் உண்டு. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனைக்குக் காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். வழக்கமான வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம். உடலில் அல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைந்தவர்களுக்கு இந்த எண் சரியாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டே மருந்து நஞ்சாகியிருக்கலாம் என்பதால் அல்புமினையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. நீண்ட நாள் சாப்பிட்டால் ஈறு தடித்துப் பல்லை மூடும். பல் துலக்குவதில் கவனமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரும் இதற்குத் தேவை.

பெரியவர்களுக்கு, முக்கியமாக 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, ரத்தத்தில் சோடியம் குறைவதைப் பற்றி இந்தக் கடிதத்தில் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம். ஏனெனில் இதில் ஒரு தவறு இன்னொரு தவறைப் பெற்றுக்கொண்டே போகிறது. வலிப்பு மாத்திரைகளில் கார்பமசெபின், அதைவிட அதிகமாக ஆக்ஸ்கார்பசெபின், சோடியத்தைக் குறைக்கும். ரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தலிடோன் ஆகியவையும் குறைக்கும். மனச்சோர்வுக்காகக் கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலினும் குறைக்கும். மூன்றும் ஒரே ஆளுக்கு மூன்று வேறு மருத்துவர்களால் எழுதப்பட்டிருக்கும். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போகும்; இன்னும் இறங்கும்போது சோர்வு, தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். மேலும் இறங்கினால் அதுவே வலிப்பை உண்டாக்கும். ‘வலிப்பு கூடிவிட்டது’ என்று ஆக்ஸ்கார்பசெபின் அளவைக் கூட்டுவார்கள். சோடியம் இன்னும் இறங்கும். இதை நிறுத்தும் பரிசோதனை எந்த ஆய்வகத்திலும் சில மணி நேரத்தில் கிடைக்கிறது. இந்த மாத்திரைகளைத் தொடங்கும்போதும், இரண்டு மூன்று வாரம் கழித்தும், அளவைக் கூட்டும்போதும், மேற்சொன்ன வேறு மாத்திரை ஒன்று புதிதாகச் சேரும்போதும் சோடியம் பார்த்துவிட வேண்டும். வலிப்பு காரணமில்லாமல் கூடினால், அளவைக் கூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டும்.

எலும்புக்கு வருகிறோம். பெனிட்டாயின், பீனோபார்பிடோன், கார்பமசெபின் ஆகியவை கல்லீரலை முடுக்கிவிட்டு வைட்டமின் டியை வேகமாக அழிக்கின்றன. வால்புரோயேட் என்ற வலிப்பு மாத்திரையும் வேறு வழியில் எலும்பைப் பாதிக்கிறது. வெயிலில் நடமாட பயந்து வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு இது இரட்டிப்பு இழப்பு. அப்புறம் ஒரு வலிப்பில் கீழே விழுகிறார். இந்த மாத்திரைகளைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்கள் வைட்டமின் டி அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. வாரத்துக்கு ஒன்று என்று 60,000 யூனிட் மாத்திரை கொடுப்பது நம் ஊர் வழக்கம். அதைத் தவறுதலாக நாளுக்கு ஒன்றாகவும், முடிந்த பிறகும் மாதக்கணக்கிலும் சாப்பிட்டு, கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலும் சிறுநீரகப் பாதிப்புமாக வருபவர்கள் இருக்கிறார்கள். சீட்டில் ‘வாரம் ஒன்று, இத்தனை வாரம்’ என்று எழுத்தில் வாங்குங்கள். கால்சியம் மாத்திரையையும் வயிற்றெரிச்சலுக்கான ஜெலுசில் போன்றவற்றையும் பெனிட்டாயினோடு சேர்த்துப் போடக் கூடாது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் பெனிட்டாயின் உடலில் சேராது.

வலிப்பில் விழாமலே எலும்பு முறியும் என்பதும் பலருக்குத் தெரியாது. தசைகள் இறுகும் வேகத்தில் முதுகெலும்பு நசுங்கலாம். தோள்மூட்டு பின்புறமாக விலகலாம். பின்புற விலகல் நேராக எடுக்கும் எக்ஸ்ரேயில் எளிதில் தப்பிவிடும். வலிப்புக்குப் பிறகு கையை வெளிப்பக்கமாகத் திருப்ப முடியாமல், உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டே இருந்தால் பக்கவாட்டு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நடு முதுகில் வலி ஓரிரு நாளுக்கு மேல் நீடித்தால் ‘இழுத்த அசதி’ என்று விட்டுவிடாதீர்கள்.

தூக்கம். குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, காலையில் தலைவலி, பகலெல்லாம் தூங்கி வழிவது, இவை இருந்தால் மாத்திரை மயக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். தூக்கத்தில் மூச்சுத் தடை நோய் இருக்கலாம்; அது தூக்கத்தைத் துண்டு துண்டாக்கி வலிப்பையும் கூட்டும். அதற்கு முகமூடிக் கருவி பொருத்திச் சிகிச்சை செய்தபோது வலிப்பும் குறைந்தவர்கள் உண்டு. வால்புரோயேட்டால் எடை கூடியவர்களும், கழுத்து நரம்பில் மின்தூண்டல் கருவி பொருத்திக்கொண்டவர்களும் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். அந்தக் கருவி மூச்சுத் தடையை அதிகமாக்கக்கூடும்.

இரவைப் பற்றிப் பேசும்போது, மருத்துவர்களே சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வலிப்பு நோயில் எதிர்பாராத திடீர் மரணம் நேர்வதுண்டு. ஆண்டொன்றுக்குப் பெரியவர்களில் 1,000 பேருக்கு ஒருவர், குழந்தைகளில் 4,500 பேருக்கு ஒருவர் என்ற கணக்கை 2017இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவ அமைப்புகள் தங்கள் வழிகாட்டியில் தந்தன. உடல் முழுதும் வெட்டி இழுக்கும் வலிப்பு அடிக்கடி வருபவர்களுக்கே ஆபத்து அதிகம். பெரும்பாலும் இரவில், தனியாக, குப்புறப் படுத்த நிலையில் நேர்கிறது. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. இரவில் அதே அறையில் ஒருவர் படுத்துக்கொள்வது, மாத்திரையை ஒரு வேளைகூட விடாமலிருப்பது, இழுத்து முடிந்ததும் ஒருக்களித்துத் திருப்பி மூச்சு சீராகும்வரை பக்கத்தில் இருப்பது ஆகியவை ஆபத்தைக் குறைக்கக் கூடியவை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே வீட்டிலேயே பயன்படும். எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பது எடைக்கேற்ப மாறும், ஆகவே அந்த எண்ணிக்கையை ஸ்பிரே பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டி வையுங்கள். கூடவே 108ஐ அழையுங்கள்.

பெண்கள் விஷயத்தில் ஒரு மருந்தைப் பற்றியாவது விடாமல் சொல்ல வேண்டும். வால்புரோயேட் சாப்பிடும்போது கருத்தரித்தால் பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு. பத்தில் மூன்று நான்குக்கு வளர்ச்சியிலும் படிப்பிலும் பின்னடைவு. மாதவிலக்கு ஒழுங்கின்மை, சினைப்பை நீர்க்கட்டி, எடை கூடுதல் ஆகியவையும் இதோடு தொடர்புடையவை. கரு உண்டான பிறகு பதறி நிறுத்துவது தாய்க்கே ஆபத்து. கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே மருந்து மாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே போலிக் அமிலம் எடுக்க வேண்டும். கார்பமசெபின், பெனிட்டாயின் சாப்பிடுபவர்களுக்குக் கருத்தடை மாத்திரை நம்பத்தக்க விதத்தில் வேலை செய்யாது. லாமோட்ரிஜின் சாப்பிடுபவர்களுக்கோ கருத்தடை மாத்திரையாலும் கர்ப்பத்தாலும் அதன் அளவு ரத்தத்தில் இறங்கி வலிப்பு கூடலாம். தாய்ப்பால் கொடுப்பதைப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை.

குழந்தைகளிடம் கவனச்சிதறலும் துறுதுறுப்பும் வலிப்போடு சேர்ந்தே வருவதுண்டு. பீனோபார்பிடோன் இதைக் கூட்டும். கவனக்குறைவுக்கான மெத்தில்பெனிடேட் மருந்தை வலிப்பு இருக்கிறதே என்பதற்காக மட்டும் மறுக்கத் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 21 வகைப் பட்டியலில் வலிப்பு தனியாக இடம்பெறவில்லை. ஆனால் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவை இருக்கின்றன. கூட இருக்கும் நோயை முறையாகக் கண்டறிந்து சீட்டில் எழுதினால்தான் அந்தக் குழந்தைக்குச் சான்றிதழும் தேர்வில் கூடுதல் நேரமும் கிடைக்க வழி பிறக்கும்.

மூளையின் மின் அதிர்வு இல்லாமலே வலிப்பைப் போலத் தோன்றும் வேறொன்றும் உண்டு. மனத்தின் தாங்கமுடியாத அழுத்தம் உடலில் வெளிப்படுவது. இது நடிப்பு இல்லை. அவர் வேண்டுமென்று செய்வதில்லை. உண்மையான வலிப்பு உள்ளவருக்கே இதுவும் சேர்ந்து வரலாம் என்பதுதான் சிக்கல். மருந்துக்கு அடங்கவில்லை என்று மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவது இங்கே பயனற்றது. ஊசிமேல் ஊசி போட்டு மூச்சடங்கி, செயற்கைச் சுவாசம் வரை போனவர்களும் உண்டு. கண்ணை இறுக மூடியிருப்பது, கூடிக்கூடிக் குறைந்து நெடுநேரம் நீடிப்பது, தலையை இடவலமாக ஆட்டுவது எல்லாம் குறிப்புகள் மட்டுமே, ஆளைப் படம்பிடித்தபடியே மூளையின் மின் அலைகளைப் பதியும் வீடியோ ஈ.ஈ.ஜி.தான் முடிவு சொல்லும். வீட்டில் கைபேசியில் படம் எடுக்கும்போது முகம், கண், இரண்டு கைகள் தெரியும்படி எடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ‘மாம்பழம்’ என்பதுபோல் ஒரு சொல்லைச் சொல்லி, தெளிந்தபின் அது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். தெளிவது வரை படம் ஓடட்டும். இரண்டு வகை வருகிறது என்றால் நோட்டில் ‘அ’, ‘ஆ’ என்று பிரித்துக் குறியுங்கள்.

வேறு நோய்க்காக மருத்துவமனைக்கோ மருந்துக் கடைக்கோ போகும்போது வலிப்பு மாத்திரைச் சீட்டைக் காட்டுவதும் முக்கியம். வலிக்குக் கொடுக்கும் டிரமடால், தொற்றுக்குக் கொடுக்கும் சிப்ரோபிளாக்சசின் ஆகியவை வலிப்பைத் தூண்டலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் போடும் மெரோபெனம் ஊசி, ரத்தத்தில் வால்புரோயேட்டை ஓரிரு நாளில் அடியோடு இறக்கிவிடும். சளிக்காகக் கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் அதிகமாகப் பூசுவதும் முகர்வதும்கூட வேண்டாம்.

இத்தனைக்கும் வேராக இருப்பது அடங்காத வலிப்பு என்பதால், இரண்டு மருந்து தோற்றதுமே அறுவை சிகிச்சைக்குத் தகுதி உண்டா என்று பார்க்க அனுப்ப வேண்டும். பத்து, இருபது ஆண்டு கழித்து அனுப்புவது நியாயமில்லை. பொட்டு மடல் வலிப்பில் அறுவைக்கென ஒதுக்கப்பட்டவர்களில் 58 சதவீதத்தினர் ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பின்றி இருந்தார்கள். மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 8 சதவீதம்தான். கனடாவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வு இது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் வலிப்புக்கான அறுவை நடக்கிறது. அறுவைக்கு முன்னும் மனநிலைப் பரிசோதனை வேண்டும். அறுவைக்குப் பின் முதல் சில மாதங்களில், வலிப்பு நின்றவர்களுக்குக்கூட, புதிதாக மனச்சோர்வு வருவதுண்டு.

அரசு மருத்துவமனைகளின் வலிப்பு நோய்ப் பிரிவுகளுக்கு எங்கள் வேண்டுகோள் சிறியது. ஓ.பி. சீட்டில் வலிப்பு எண்ணிக்கைக்குக் கீழே ஐந்து இடங்கள் விடுங்கள்: மனநிலைப் படிவத்தின் கூட்டுத்தொகை, தூக்கம், கீழே விழுந்தது அல்லது அடிபட்டது, கடைசியாக சோடியமும் வைட்டமின் டியும் பார்த்த தேதி, பெண்ணாக இருந்தால் கர்ப்பத் திட்டம். மாத்திரை மட்டும் வாங்க வீட்டார் வரும் மாதங்களை விட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நோயாளியை நேரில் வரவழைத்து இவற்றை நிரப்புங்கள். மனநலப் பிரிவும் நரம்பியல் பிரிவும் ஒரே நாளில் ஓ.பி. நடத்தினால், தொலைவிலிருந்து வருபவருக்கு ஒரு நாள் கூலி மிச்சம். இல்லாவிட்டால் எழுதிக்கொடுத்த பரிந்துரைச் சீட்டு மடிந்து பையிலேயே கிடக்கும்.

நாளிதழ்களிடமும் ஒன்று கேட்கிறோம். வலிப்பு பற்றிய செய்தியோ கட்டுரையோ வரும்போது, முதலுதவிக் குறிப்போடு மனநல உதவிக்கான டெலி மனஸ் எண் 14416ஐயும் அச்சிடுங்கள். அது கட்டணமில்லாதது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

இப்படிக்கு,
வலிப்பு நோய்ப் பிரிவுகளில் பணியாற்றும் செவிலியர், மருந்தாளுநர் சிலர்